பிள்ளையின் போனோடு என் கடைக்கு வரும் அம்மா, அப்பாவுக்கு

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கும் பெற்றோருக்கும், சங்கக் கூட்டத்துக்கு ஒருநாளும் வராத பெற்றோருக்கும், வணக்கம்.

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாகிறது. பெரிய கடை இல்லை. ஒரு மேசை, குனிந்து பார்க்க ஒரு விளக்கு, முன்னால் தொங்கும் சார்ஜர்களும் போன் உறைகளும், சுவரில் நானே எழுதி ஒட்டிய ஒரு பலகை: "அழிந்த படங்கள் மீட்டுத் தரப்படும்".

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். காலமை பத்து மணிக்கு வருவீர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தெரிந்தவர்கள் யாரும் பின்னால் நிற்கிறார்களா என்று ஒருக்கால் திரும்பிப் பார்ப்பீர்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்வீர்கள்: "தம்பி, இதின்ர லொக்கை எடுத்துத் தாங்கோ. பிள்ளைக்குத் தெரியக்கூடாது."

அதற்கு நான் கடையில் வைத்துச் சொல்லாத பதில்தான் இந்த மடல். அங்கே சொல்ல நேரமிருப்பதில்லை. பின்னால் ஒருவர் ஹெட்போன் விலை கேட்டுக்கொண்டு நிற்பார்.

தொழில் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற போன்களில், பூட்டின் இலக்கம் தெரியாமல் உள்ளே போக எனக்கு வழியில்லை. நான் லொக் எடுப்பதென்றால் போனை முழுதாகத் துடைத்து, பெட்டியிலிருந்து எடுத்த நாளில் இருந்தது போல ஆக்குவது. போனுக்குள் மட்டும் இருக்கிற படங்கள், வந்த செய்திகள், யார் எப்போது என்ன அனுப்பினார்கள் என்ற வரலாறு, எல்லாம் போய்விடும். துடைத்த பிறகும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டுப் போன் அடம்பிடிக்கும். ஆகவே பிள்ளைக்குத் தெரியாமல் என்ற கதைக்கே இடமில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியக் கொண்டுவருகிறீர்கள், நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை நான் அழித்துத் தருகிறேன், அதற்குக் காசும் வாங்குகிறேன்.

இதை நான் மற்றவர்களின் பிழையில் படிக்கவில்லை. என் வீட்டில் செய்தேன்.

2022 ஆம் ஆண்டு. மகள் தரம் பத்து. ஒரு இரவு பதினொரு மணிக்குக் கனடாவிலிருந்து அக்கா எடுத்தா. "என்னடா, பிள்ளையின்ர படம் ஏதோ ஒரு பக்கத்தில கிடக்குதாம். இஞ்ச எல்லாரும் பாத்திட்டினம். உனக்குத் தெரியாதோ?" தெரியாது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளையைப் பற்றிய செய்தி ஸ்காபரோவைச் சுற்றிக்கொண்டு எனக்கு வருகிறது.

இன்ஸ்ரகிராமில் ஒரு பக்கம். நாலைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் படங்களைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் தெளித்து, இவளுக்கு இன்னாரோடு தொடர்பு என்று எழுதி, கீழே மற்றவர்கள் வந்து சிரித்துவிட்டுப் போகிற பக்கம். மகளின் படத்துக்கு மேல் எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். அவளின் நிறத்தையும் உடம்பையும் பற்றியது.

படம், அவள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டுப் படம். அவளின் போனிலிருந்து அது போகவில்லை. பேஸ்புக்கில் போட்டது நான். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கட்டும் என்று நாற்பது, ஐம்பது படங்களை ஒரு தொகுப்பாக, யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பில், பெருமையோடு போட்டேன். படம் எடுத்த ஸ்ரூடியோக்காரரும் தன் விளம்பரத்துக்கு இன்னும் நாலு போட்டிருந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, சோடித்து நிறுத்தி, உலகம் முழுக்கக் காட்டியவர்கள் நாங்கள். அதை எடுத்து நக்கலடித்தவனைத் தேடுகிறோம். தேடத்தான் வேண்டும். ஆனால் படலையைத் திறந்து வைத்தது யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

அன்றிரவு நித்திரையில் கிடந்தவளை எழுப்பினேன். போனை வாங்கினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வாயைப் பொத்து" என்றேன். குசினி மேசையில் இருந்து என் கையாலேயே போனைத் துடைத்தேன். ஆறு நிமிடம் கூட ஆகவில்லை. சிம்மைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

மறுநாள் மனைவி சொல்லித்தான் பொலிசுக்குப் போனோம். சிறுவர், மகளிர் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே கதைத்தார். பக்கத்தின் இணைப்பு இருக்கிறதா, ஸ்கிரீன்ஷொட் இருக்கிறதா, அந்தப் பக்கத்தை நடத்துகிறவனிடமிருந்து பிள்ளைக்கு நேரே ஏதும் செய்தி வந்ததா என்று கேட்டார். மகள் நிலத்தைப் பார்த்தபடி, "வந்தது" என்றாள். மூன்று கிழமையாக வந்திருக்கிறது. பக்கத்திலிருந்து படத்தை நீக்க வேண்டுமென்றால் வேறு படம் அனுப்பு என்று வந்திருக்கிறது. அனுப்ப மாட்டேன் என்று அவள் எழுதிய பதில்கள், அவன் போட்ட மிரட்டல்கள், அவ்வளவும் நான் துடைத்த போனுக்குள். பக்கமும் அதற்குள் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்துவிட்டது. அழிந்ததை மீட்டுத் தருவதாகப் பலகை எழுதி வைத்திருக்கிறவன், உத்தியோகத்தருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் மகள் என்னோடு கதைக்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை. சாப்பிட்டியா என்றால் "ஓம்". ரியூசன் எத்தனை மணிக்கு என்றால் "நாலு". அவ்வளவுதான். ஒருநாள் கரண்ட் வெட்டின நேரம் விறாந்தையில் இருந்தோம். முகம் தெரியாத இருட்டு. அவளாகவே சொன்னாள்: "மூண்டு கிழமையா எனக்குத் தெரியும் அப்பா."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னா போனைப் பறிப்பியள். பிறகு என்னைத்தான் பேசுவியள்."

இரண்டையும் நான் அவள் சொன்னபடியே செய்திருந்தேன். அதுவும் சொல்வதற்கு முன்பே.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்தப் படத்துக்குக் கீழே சிரித்த முகம் போட்டிருந்தவர்களில் ஒராள் எங்கள் சொந்தம். வயது வந்தவர். நல்லது கெட்டதுக்கு வீட்டுக்கு வந்து போகிறவர். பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் யார் வந்து கைகொடுத்தாலும் இவராக இருக்குமோ என்று நான் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

பெற்றோரே, மிரட்டுகிறவனின் கையில் இருப்பது படம் என்று நாங்கள் நினைக்கிறோம். அவன் கையில் இருப்பது உங்களைப் பற்றிய பயம். "அம்மாக்கு அனுப்பட்டோ?" என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அவன் எத்தனை கிழமையும் ஒரு பிள்ளையை ஆட்டிப் படைக்கலாம். "அனுப்பு, அம்மாவுக்கு எல்லாம் தெரியும்" என்று பிள்ளை பதில் எழுதிவிட்டால் அவனின் கடை பூட்டு. அந்தப் பதிலை எழுதும் துணிவைப் பிள்ளைக்குக் கொடுக்க என் கடையில் எந்தச் சாமானும் இல்லை. அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அல்லது இல்லை.

பெடியன்களுக்கு இது வராது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன வருடம், கடை பூட்டும் நேரம் ஒரு பெடியன் வந்தான். ஏ.எல் படிக்கிற வயது. சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டான்: "அண்ணை, ஒரு நம்பரை பிளொக் பண்ணினா அவங்களுக்குத் தெரியுமோ?" அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டால் என்ன விஷயம் என்று எனக்கு இப்போது விளங்கும். உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். ஒரு பெண்ணின் பெயரில் நட்பு வந்திருக்கிறது, வீடியோவில் அழைத்திருக்கிறது, பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு மாத ரியூசன் காசு போய்விட்டது. இன்னும் கேட்கிறார்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள் என்று சொன்னேன். வீட்டில் சொல்வோமா என்றேன். "அம்மா செத்துப்போவா அண்ணை" என்றான்.

அவன் அதைக் கதைக்கு ஒரு சொல்லாகச் சொல்லவில்லை. அப்படியே நம்பினான். ஏன் நம்பமாட்டான்? மார்க்ஸ் குறைந்தால் "நான் கிணத்துக்க குதிப்பன்", யாரோடும் கதைத்தது தெரிந்தால் "உன்னால நான் சாகிறன்" என்று சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். நாங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம், பிள்ளை அதைச் சேமித்து வைக்கிறது. அன்று அம்மாவுக்கு எடுக்காமல் அவனின் மாமாவுக்கு எடுத்தேன். மாமன் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்து, "சாப்பிட்டனியே?" என்று கேட்டார். பெடியன் அங்கேயே அழுதான். நான் வெளியில் போய்ப் போன் உறைகளை அடுக்கினேன்.

அம்மா சாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் அழுதாவாம், பிறகு அவவே பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனாவாம்.

நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்தது 1981 இல். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. பற்றரியும் தடைப்பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து அப்பா செய்தி கேட்பார். பெடலைச் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் ஓயும். அப்பாவும் பக்கத்து வீட்டு ஐயாவும் ஒரே நேரத்தில் "சுத்தடா" என்பார்கள். செய்தி என்பது கூடியிருந்து கேட்கிற ஒன்றாகத்தான் எங்களுக்கு இருந்தது. தொலைபேசி எடுக்க வேண்டுமென்றால் பிறகு வந்த கொமினிகேசன் கடைகளில் வரிசையில் நின்று, ஊரே கேட்கக் கதைத்தோம். ஆளுக்கு ஒன்றாகக் கைக்குள் அடங்குகிற, தலையணைக்குக் கீழே கிடக்கிற ஒரு பொருளோடு பதினைந்து வயதைக் கடந்த அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. தெரியாத பொருள் என்றால் ஒன்றில் கும்பிடுகிறோம், அல்லது பறிக்கிறோம். வெளிநாட்டு மாமா அனுப்பிய ஐபோன் என்றால் கும்பிடு. பிரச்சினை வந்தால் பறி.

அந்தப் போனை நாங்கள்தான் கொடுத்தோம் என்பதையும் வசதியாக மறந்துவிடுகிறோம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். பாடம் சூமிலும் வட்ஸ்அப்பிலும் வந்தது. அந்த மாதங்களில் என் மேசையில் கிடந்த போன்களைப் போல முன்னும் பின்னும் கிடந்ததில்லை. காப்பை அடைவு வைத்துப் போன் வாங்கின தாய்மாரை எனக்குத் தெரியும். படிக்க என்று கொடுத்தோம், பிறகு அதே போனுக்குள் ரியூசன் குறிப்பு, சிநேகிதி, பாட்டு, விளையாட்டு, அழுகை எல்லாம் குடிவந்துவிட்டன. இப்போது "போனைப் பறிப்பேன்" என்றால் பிள்ளைக்கு அது ஒரு சாமானைப் பறிக்கிற கதையாகக் கேட்பதில்லை.

இனி ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். புதுப்போனோடு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஒரு ஐடி அடிச்சுத் தாங்கோ தம்பி" என்பீர்கள். கூகுள் பிறந்த திகதியைக் கேட்கும். 13 வயதுக்குக் குறைவென்றால் பெற்றோரின் கணக்கோடு சேர்த்து, அவர்களின் மேற்பார்வையில்தான் கணக்குத் தரும். அது நேரம் பிடிக்கிற வேலை, பின்னால் ஆட்கள் நிற்பார்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டை 1990 என்று அடித்துவிடுவேன். எத்தனை பிள்ளைக்கு அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் மூன்றிலும் 13 வயதுதான் எல்லை. அங்கேயும் பிள்ளைகள் எனக்குப் பழகின அதே வித்தையைத்தான் செய்கிறார்கள்.

இதில் என்ன வந்தது? 2024 செப்டெம்பரிலிருந்து இன்ஸ்ரகிராம் பதின்ம வயதினரின் கணக்குகளைத் தானாகவே மறைத்து வைக்கத் தொடங்கியது. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் குறைந்தவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதம் தேவை. நல்ல ஏற்பாடு. ஆனால் என் கையால் 1990 இல் பிறந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்காது. அந்தக் கணக்குக்கு அவள் முப்பது கடந்த பெண். அவளுக்கு யாரும் எழுதலாம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசெம்பரிலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே இல்லை என்று சட்டம் போட்டதைக் கேட்டுவிட்டு, இங்கேயும் அப்படி வர வேண்டும் என்று கடைக்கு வருகிற சிலர் சொல்கிறார்கள். வரட்டும். அப்போதும் பிறந்த ஆண்டை அடிக்கப்போவது நாங்கள்தானே?

மொட்டைக் கடிதத்தையும் இதற்குள் சேர்த்துக் கதைக்க வேண்டும். போலி ஐடி ஏதோ இந்தத் தலைமுறை கண்டுபிடித்தது போலக் கதைக்கிறோம். கலியாணம் முற்றாகிற நேரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் போகும். கந்தோரில் ஒருவருக்குப் பதவி உயர்வு என்றால் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் போகும். கோணல் எழுத்து, அடியில் "இப்படிக்கு, நலன்விரும்பி". அதை வாசித்துவிட்டு அடுப்புக்குள் போட்டவர்கள் குறைவு. "எழுதினதில உண்மையும் இருக்குமோ?" என்று ஒருவரை ஒருவர் கேட்டவர்கள்தான் கூட. என் சொந்தத்தில் ஒரு கலியாணம் அப்படிக் குழம்பியது. போலிக் கணக்கை நடத்துகிற பெடியன் அந்த நலன்விரும்பியின் பேரன். தொழிலை ஊரில்தான் பழகினான். முந்தி வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தோம், இப்போது கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறோம். விடுப்புப் பார்க்கிற பழக்கம் மாறவில்லை.

வட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படியான செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளை ஒன்றின் படம் அந்த இரட்டை அம்போடு வந்து நான் கண்ட போன்கள் பலதும் பெரியவர்களின் போன்கள். "பாவம், ஆற்ற பிள்ளையோ" என்று எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்பியிருப்பார்கள். பாவம் என்று எழுதினால் அனுப்பலாம் என்று யார் சொன்னது?

இப்படிப் படம் போடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். ஒருமுறை தரம் ஒன்பது படிக்கிற பெடியன் ஒருவனைத் தகப்பன் கூட்டிவந்தார். போனில் இடமில்லை, துப்பரவாக்கித் தர வேண்டும். திறந்து பார்த்தால் அவனின் போனில் மூன்று கணக்குகள். ஒன்று இப்படியான ஒரு பக்கம். பெடியனைப் பார்த்தேன். "பகிடிக்கு அண்ணை" என்றான். தகப்பனிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெடியள்தானே, விடுங்கோ." பகிடி என்றும் வதை என்றும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பகிடிவதை என்று பெயர் வைத்த ஊர் எங்களது. அந்தப் பக்கத்தில் படம் வந்த பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பன், மகளை ரியூசனால் நிறுத்தினார். பெடியன் அதே ரியூசனுக்குப் போய்வருகிறான். நான் அவனை வெறுக்கவில்லை. அவனுக்கும் ரியூசனில் ஒரு பட்டம் இருக்கிறது, நாலு வருடமாகக் கூப்பிடுகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு முன்னால் சிரித்த தகப்பனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

(இடையில் ஒன்று: இதை வாசிக்கும்போது, கடைக்காரன் போனுக்குள் எல்லாம் பார்ப்பானோ என்று உங்களுக்குப் பயம் வந்திருக்கும். வரட்டும். படங்களை வேறு இடத்தில் சேமித்து அழித்துவிட்டு, பக்கத்தில் நின்று திருத்துவியுங்கள். என் கடையாக இருந்தாலும்.)

சரி, உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒன்று நடந்துவிட்டது. அழிக்காதீர்கள். கணக்கை மூடாதீர்கள், போனை என்னிடம் துடைக்கக் கொண்டுவராதீர்கள். மிரட்டல் செய்திகள், அனுப்பிய கணக்கின் பெயர், பக்கத்தின் இணைப்பு, திகதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு போனிலும் வையுங்கள். உடனே எடுங்கள், ஏனென்றால் பெயரை நொடியில் மாற்றுவார்கள். அதன் பிறகுதான் முறைப்பாடு கொடுத்துத் தடுப்பது. காசு கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் சாட்சிக்கு என்று சொல்லிச் சொந்தக்காரருக்கு அனுப்பிக் காட்டுகிற வேலை கூடவே கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படியான படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் குற்றம். மிரட்டியவனுக்கு மட்டுமல்ல, பார்த்துவிட்டுச் சேமித்து வைத்திருக்கிற மாமாமாருக்கும்தான்.

அப்படிப் படம் வெளியே போயிருந்தால், அல்லது போகும் என்று பயம் இருந்தால், 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான அமெரிக்க நிலையம் ஒன்று 2023 இலிருந்து நடத்துகிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி இலக்கம் எடுத்து, இலக்கத்தை மட்டும் அனுப்பும். பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்றவை அந்தக் கைரேகைக்குப் பொருந்துகிற படத்தைக் கண்டால் எடுத்துவிடும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் போவதை இதனால் பிடிக்க முடியாது. அதை நிறுத்த உங்கள் விரல்தான் இருக்கிறது.

சிறுவர் உதவிக்கு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவு பகல் எப்போதும் எடுக்கலாம், காசில்லை. பிள்ளையே எடுக்கலாம், எனவே பிள்ளையின் போனில் அந்த இலக்கத்தைப் பதிந்து வையுங்கள். கணக்கைக் களவெடுத்தது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு 101 இல் கணினி அவசர உதவிப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார். பிள்ளை சாப்பாடு, நித்திரை இல்லாமல் ஒதுங்கிப்போய், உயிரை விடுகிற கதை கதைத்தால் மற்ற எல்லாவற்றையும் ஒருபக்கம் வைத்துவிட்டு 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள். போனைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், தொந்தரவு செய்யும் நோக்கோடு ஒருவரின் அந்தரங்க விபரத்தை வெளியிடுவது குற்றம். வெளிநாட்டில் இருந்து செய்தாலும்தான், ஆகவே புலம்பெயர்ந்த நலன்விரும்பிகளுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று நாட்டில் பெரிய வாதம் நடந்தது, அதில் எனக்கும் பாதிக்கு மேல் உடன்பாடு. பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்று நான் பெரிதாக நம்பிக்கொண்டும் இல்லை. வழக்குப் போகிற வேகத்தில் பிள்ளைக்குக் கலியாணம் முடிந்துவிடும்.

அபிவிருத்திச் சங்கத்தாருக்குத் தனியே ஒன்று. கூட்டத்தில் மதில், மலசலகூடம், பரிசளிப்பு விழா, இடமாற்றம் போகிற அதிபருக்குப் பிரியாவிடை எல்லாம் கதைக்கிறோம். இதைக் கதைத்து நான் கேட்டதில்லை. மகளின் விஷயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தபோது எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை, "கதை ஆறும் மட்டும் பிள்ளையைக் கொஞ்ச நாள் வீட்டில வைச்சிருங்கோ" என்பது. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் படம் போட்டவர்கள் வகுப்பில் இருந்தார்கள், என் மகள் வீட்டில் இருந்தாள். அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தைத் தீர்மானமாக எழுதுங்கள்: பாதிக்கப்பட்ட பிள்ளை வகுப்பில்தான் இருக்கும். வழிகாட்டல் ஆசிரியரின் அறைக்கு ஒரு பிள்ளை போனால் அன்று பின்னேரமே அது ரியூசனில் கதையாக வராது என்று உறுதி கொடுங்கள். இரண்டும் காசில்லாத வேலை. மதிலைவிடச் சுலபம்.

பெற்றோரிடம் நான் கேட்பது கண்காணிப்பு இல்லை. வேவு பார்க்கும் செயலி போட்டுத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். போட்டால் பிள்ளை கூட்டாளியின் போனில் வேறு கணக்குத் திறக்கும், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குப் பிறகு வீட்டில் எல்லாருடைய போனும், அப்பாவின் போனும் சேர்த்து, விறாந்தை மேசையில் சார்ஜில் கிடக்கட்டும் என்றால் அது ஞாயம், பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். பேஸ்புக்கில் கிடக்கிற சாமத்தியவீட்டுப் படங்களை இன்றைக்கே மறைத்து வையுங்கள். பிள்ளையின் படத்தைப் போட முன்னம் பிள்ளையைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தை கோவித்தாலும் போடாதீர்கள். பிறகு, ஏதும் நடக்காத ஒரு சாதாரண நாளில், சோறு போடும்போதோ ரியூசனால் ஏற்றிக்கொண்டு வரும்போதோ, "ஆரும் உன்னைக் கரைச்சல் படுத்தினா என்னட்டச் சொல்லு, போனை வாங்கமாட்டன்" என்று ஒருமுறை சொல்லுங்கள். சொன்னால் வாங்காமல் இருங்கள். நான் இதைச் சொல்ல முயன்றபோது மகள் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. "ம்" என்றாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

சுவரில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டேன். நான் 1990 என்று அடித்துக் கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர், போனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளையும் வர வேண்டும். உண்மையான ஆண்டைப் போட்டு, இருக்கிற அமைப்புகளை மூன்று பேருமாக இருந்து பார்ப்போம். காசு வாங்க மாட்டேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் நல்லது, காலமை பத்து மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகள் 'அண்ணை' என்று கூப்பிடும் போன் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.